அமைச்சர் உட்கார்ந்த நாற்காலி

கடைவீதியில் யாரைக் கேட்டாலும் வழி சொல்வார்கள். "நாற்காலியம்மா கடையா? அதோ, மரப்பட்டறைக்கு அடுத்தது." பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருக்கத்தான் செய்தது. அது வங்கிக்கும் வரி ஆபீசுக்கும் மட்டும் தெரியும். அவர் வீட்டுக்காரரே, ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர், சண்டை முற்றினால் "நாற்காலியம்மா, கொஞ்சம் உட்காருங்க" என்பார். ஊரை உட்காரவைப்பதுதான் இரண்டு பேருக்குமே பிழைப்பு.

மூடிப்போன ஒரு மனமகிழ் மன்றத்தின் மர மடக்கு நாற்காலிகளை ஏலத்தில் எடுத்து ஆரம்பித்த வாடகை வியாபாரம். கல்யாணம், சாவு, பள்ளிக்கூட விழா, எல்லாக் கட்சிக் கூட்டமும் அவரிடம்தான் வரவேண்டும். உட்காருகிறவன் கொள்கை பலகைக்கு எதற்கு என்பார். ஆனால் இரண்டு பிடிவாதம் உண்டு. எல்லா நாற்காலியும் ஒரே நீலத்தில், ஒன்றுக்கொன்று வித்தியாசம் தெரியாமல் இருக்கவேண்டும். திரும்பி வந்த நாற்காலி அழுக்கோடு ஒரு பொழுதும் கிடக்கக் கூடாது. கழுவு, காயவை, அடுக்கு. வேன் ஓட்டும் அவர் தம்பிக்கு நரை விழுவதற்குள் இந்த மூன்று சொல்லால் காது புளித்துப்போயிருந்தது.

அந்த இரண்டு பிடிவாதமும் சேர்ந்துதான் கடைசியில் அவரை நடுத்தெருவில் நிறுத்தப் பார்த்தன.

அதற்குக் காரணம், பின்னாளில் கொலையான ஓர் அமைச்சர். அவர் அடுத்த தெருவில் வளர்ந்தவர். வக்கீலாக இருந்தபோது முதல் கூட்டத்துக்கு நாற்காலி எடுத்தார். உட்கார ஆள் வரவில்லை. பார்க்கப் பொறுக்காமல் நாற்காலியம்மா தம்பியையும், வீட்டுக்காரரையும், பட்டறைக்காரரையும் முன்வரிசையில் உட்காரவைத்தார். அமைச்சரான பிறகும் அவர் அதை மறக்கவில்லை. "என் கட்சியோட முதல் கிளையே உங்க குடும்பம்தானேம்மா!" என்பார். கூட்டம் முடிந்ததும் தன் நாற்காலியைத் தானே மடக்கி ஓரமாகச் சாத்திவிட்டுத்தான் இறங்குவார். பாதுகாப்புக்காரர்கள் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார்கள்.

பக்கத்து நாட்டோடு ஆற்றுத் தண்ணீரைப் பங்கிட அவர் ஒப்பந்தம் போட்டார். மண்ணை விற்றுவிட்டான் என்று சுவரெல்லாம் எழுதினார்கள், தேசத்துக்குத் தாங்களே காவல் என்று சொல்லிக்கொண்ட ஒரு கூட்டத்தார். ஒருநாள் மேடையில் உட்கார்ந்து குறிப்பைப் புரட்டிக்கொண்டிருந்தவரை, பத்திரிகைக்காரர்கள் வரிசையிலிருந்து எழுந்த அந்தக் கூட்டத்தார் இரண்டு பேர் சுட்டார்கள். பின்னால் நின்றிருந்த நாற்காலியம்மா அதைப் பார்த்தார். அன்று அமைச்சர் மடக்காத நாற்காலி சாய்ந்து கிடந்ததையும் பார்த்தார்.

போலீஸ் அதைச் சாட்சிப் பொருளாகக் கொண்டுபோனது. வழக்கு முடிந்து, சுட்டவர்கள் சிறைக்குப் போன பிறகு, உரியவரிடம் ஒப்படைக்கிறோம் என்று ஜீப்பில் கொண்டுவந்து இறக்கினார்கள். நாற்காலியம்மா அப்போது கடையில் இல்லை.

"கறையா இருந்துச்சுக்கா," என்றார் தம்பி சாயங்காலம். "நல்லாத் தேச்சுக் கழுவினேன். ஒரு கை பெயிண்டும் அடிச்சேன். காஞ்சதும் அடுக்கிட்டேன்."

"எதுல அடுக்கினே?"

தம்பி அடுக்குகளைப் பார்த்தார். கூரை வரைக்கும் நீலம்.

"அதுல... எதுலயோக்கா."

நாற்காலியம்மா அவரைத் திட்ட வாயெடுத்து மூடிக்கொண்டார். சொன்னதைச் சொன்னபடி செய்த மனிதனை என்னவென்று திட்டுவது?

செய்தி ஊரைச் சுற்ற நேரமாகவில்லை. மகள் கல்யாணத்துக்குச் சொல்லிவைத்திருந்த மாவுமில்காரர்தான் முதலில் வந்தார்.

"அந்த நாற்காலி இதுக்குள்ள இல்லையேம்மா?"

"இருக்கு. எதுன்னுதான் தெரியல."

"ஐயோ. மாப்பிள்ளை போய் அதுல உட்கார்ந்துட்டா?"

"உட்கார்ந்தா என்ன, கடிக்குமா?"

மாவுமில்காரர் சிரிக்கவில்லை. முன்பணத்தையும் கேட்கவில்லை, கழன்றுகொண்டால் போதும் என்று போய்விட்டார். அதன் பிறகு மற்றவர்களும் ஒவ்வொருவராக வருவதை நிறுத்தினார்கள். சிலருக்குச் சாவுப் பயம், சிலருக்குச் சுவரில் எழுதிய கூட்டத்தாரின் பயம். வேன் வாசலிலேயே நின்று அதன் மேல் காக்கை உட்கார ஆரம்பித்தது.

"இல்லைன்னு சொல்லித் தொலையேன்," என்றார் கண்டக்டர். "போலீசே வச்சுக்கிட்டாங்கன்னு சொல்லு. ஒரு பொய்யில கடை பிழைச்சுக்கும்."

"அந்த மனுஷன் நம்ம நாற்காலியில உட்காரவே இல்லைன்னு சொல்ற மாதிரி இருக்குங்க. என்னால முடியாது."

அமைச்சரின் கட்சிச் செயலாளர் வந்தபோது பொய் சொல்லும் சிரமத்தைக்கூட அவரே எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தார். நினைவு மண்டபத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க ஒரு நாற்காலி வேண்டுமாம்.

"எதையாவது ஒண்ணு கொடுங்கம்மா. யாருக்குத் தெரியப்போவுது? அதுதான்னு நாங்க அறிவிச்சிடறோம். உங்களுக்கும் தொல்லை விட்டுது."

"உங்க தலைவர் செத்த இடத்துலயுமா போலி?"

செயலாளர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். கண்டக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

அடுத்து வந்தவர்கள் துண்டு போடவில்லை. இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையோடு, தேசத்துக்குக் காவல் என்ற கூட்டத்தார் நாலைந்து பேர். துரோகியின் நாற்காலியை நாற்சந்தியில் கொளுத்தப்போகிறார்களாம். எதென்று தெரியாது என்று அவர்களுக்கும் அதே பதில்தான் கிடைத்தது. அவர்களில் மூத்தவன் அடுக்குகளை மேலும் கீழும் பார்த்தான்.

"பரவாயில்லைங்க. எல்லாத்தையும் கொளுத்தினா அதுவும் எரிஞ்சிடுமில்ல? நாளைக்குச் சாயங்காலம் வர்றோம்."

மரியாதையாகத்தான் சொன்னான். நாற்காலியம்மா கடையைப் பூட்டினார். போலீசில் போய்ச் சொன்னார். எழுதிக்கொடுத்துவிட்டுப் போங்கள் என்றார்கள். எழுதிக்கொடுத்துவிட்டு வந்தார்.

மறுநாள் காலை முதலில் கத்தியது மரப்பட்டறைக்காரர்.

"உன் நாற்காலி எரிஞ்சா என் மரம் சும்மா இருக்குமாம்மா? தெருவே போயிடும்!"

"நான் என்னண்ணே பண்ணட்டும்?"

"கொண்டா இங்க," என்று ஓர் அடுக்கை இழுத்தார். "என் வீட்டு மாடியில போட்டுக்கறேன். பட்டறை தப்பணும்."

எதிர்வீட்டு டைப்பிஸ்ட் அக்கா இதைப் பார்த்தார். அவர் வீடும் தெருவில்தானே இருக்கிறது. கட்டிலுக்கடியில் இடம் உண்டு என்றார். பிறகு நடந்தது பாசமா பயமா என்று பிரித்துச் சொல்லமுடியாது. தையல்காரர் தலையில் நாற்காலி, பல் டாக்டர் கக்கத்தில் நாற்காலி. "அதுவா இருந்தா கனவுல வருவாரோ?" என்றாள் ஒருத்தி. "வந்தா தண்ணி குழாயைச் சரிபண்ணச் சொல்லுடி. மந்திரிதானே!" என்றாள் இன்னொருத்தி. மாவுமில்காரர் வண்டியோடு வந்து, அவரே ஏற்றிக்கொண்டு போனார்.

சாயங்காலம் மண்ணெண்ணெயோடு வந்தவர்கள் கண்டது வெறும் கொட்டகை. நடுவில் தரையில் கண்டக்டரும் தம்பியும் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். தம்பி வாசலையே திரும்பித் திரும்பிப் பார்த்ததில் அவருடைய சீட்டெல்லாம் கண்டக்டருக்குத் தெரிந்தது.

"நாற்காலியெல்லாம் எங்க?"

"வாடகைக்குப் போயிருக்கு," என்றார் கண்டக்டர்.

"எங்க?"

"எல்லா வீட்டுக்கும்தான். உங்க மாமா ஒருத்தர் மூணாவது வீட்டுல இருக்கார் பாருங்க, அவர்கூட எடுத்திருக்கார். எந்த வீட்டுலேருந்து ஆரம்பிக்கிறீங்க?"

தெரு முழுக்க வாசலில் ஆட்கள் நின்றார்கள். வந்தவர்கள் பெயர்ப்பலகையை அடித்து நொறுக்கிவிட்டு, ஒரு கோஷமும் போட்டுவிட்டுப் போனார்கள்.

இரண்டு நாள் பொறுத்து நாற்காலியம்மா தம்பியோடு வேனில் கிளம்பினார், வீடு வீடாகத் திரும்ப வாங்க. அடுக்கி வைத்திருப்பார்கள் என்று நினைத்துப் போனால், எல்லாவற்றையும் விரித்துப் போட்டிருந்தார்கள். டைப்பிஸ்ட் அக்கா ஒன்றில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். பல் டாக்டர் வீட்டில் நோயாளிகள் வரிசையாகக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மாவுமில்காரர் வராந்தாவில் சாய்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"எடுத்துக்கலாமாண்ணே?"

"இருக்கட்டும்மா. கல்யாணம் முடியட்டும். போய்ட்டுத் திரும்ப வர்றதுக்கு எதுக்கு வேனுக்கு பெட்ரோல்?"

நாற்காலியம்மா குரலைத் தாழ்த்தினார். "அண்ணே, அதுல ஒண்ணு..."

"தெரியும். எதுன்னு தெரியாது, அவ்வளவுதானே? ரெண்டு நாளா மாத்தி மாத்தி உட்கார்ந்து பார்த்துட்டேன். எல்லாமே ஒரே மாதிரிதான் முதுகு வலிக்குது."

நாற்காலியம்மாவுக்கு முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டியிருந்தது. புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு திரும்பினார்.

"வாடகை முந்தாநாள்லேருந்து கணக்குண்ணே," என்றார்.

"அடப்பாவமே! அது காபந்து பண்ணினதும்மா!"

"காபந்துல உட்கார்ந்தீங்களா இல்லையா?"

மாவுமில்காரர் வாய்விட்டுச் சிரித்தார். பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு, உட்காருங்க, பேசுவோம் என்றார். பேரம் வெகுநேரம் நடந்தது. வெளியே தம்பி ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தார்.