ஹெர்பி ட்ரெவனாவின் இடது பக்கம்

ஹெர்பி ட்ரெவனா எங்கள் ஆஸ்திரேலியக் கால்பந்து கிளப்புக்கு ஆடியது மொத்தம் மூன்றே ஆட்டம். மூன்றாவதை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

1902 குளிர்காலம். மெல்பர்னில், யாரா ஆற்றோரத் தோல் பதனிடும் ஆலையில் எங்கள் இருவருக்கும் வேலை. இரண்டாவது ஆட்டத்தில் எவனோ ஒருவனின் முழங்கை ஹெர்பியின் இடது கண்ணில் இறங்கியது. வீக்கம் வடிந்தது, பார்வை திரும்பவில்லை. இன்னொரு அடி பட்டால் வலது கண்ணும் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதை அவன் என்னிடம் மட்டும்தான் சொன்னான்.

"அப்ப ஆடாதடா."

"நாலு வருஷம் புகையிலைக் கடைக் கண்ணாடியில ஒட்டுற டீம் பட்டியல்ல என் பேரத் தேடியிருக்கேன், பெர்ஸி. ஒரு வாரம் விட்டா அப்புறம் எழுத மாட்டாங்க."

"மொரியார்ட்டி கண்டுபிடிச்சிட்டா?"

மொரியார்ட்டி எங்கள் காலுக்கு யூகலிப்டஸ் தைலம் தேய்த்துவிடும் கிழவர். நான் அவரைப் போலவே தொண்டையைச் செருமினேன். "எலும்பு வெளிய தெரியுதா? தெரியலையா? அப்ப எந்திரிச்சு ஓடுடா கழுத!"

ஹெர்பி சிரித்தான். "நீ என் இடது பக்கம் நில்லு. யார் வந்தாலும் கத்து."

கத்தினேன். அந்த மூன்றாவது ஆட்டத்தின் நான்கு கால்பகுதியில் மூன்று முழுக்கக் கத்தினேன். "இடது, வரான்!" "தனியா இருக்க, புடி!" என் குரல் வந்த பக்கம் திரும்பித் திரும்பி ஆடினான். நான் மூச்சு வாங்கும் இடைவெளியில்கூட அவன் தோள் காதுவரை ஏறும்.

கடைசிக் கால்பகுதியில் இரண்டு புள்ளி முன்னால் இருந்தோம். எங்கள் கோல் முன்னால் பந்து உயரமாக வந்தது. அடியில் எதிரணிக்காரர் இருவர். ஹெர்பியும் அண்ணாந்தபடி ஓடி வந்தான். அவர்களுடைய கேப்டன் மெல்ரோஸுக்கு மூக்கால் உறுமும் குரல். மதுக்கடையில் அதைச் செய்து காட்டி நான் ஊரையே சிரிக்க வைத்திருக்கிறேன். வாய்ப் பழக்கம், அந்தக் குரலிலேயே கத்தினேன்.

"விடுங்கடா, என்னோடது!"

இருவரும் ஒதுங்கினார்கள். ஹெர்பியும் நின்றுவிட்டான். அவனுடைய இருட்டுப் பக்கத்திலிருந்து மலை மாதிரி மெல்ரோஸ் வருகிறான் என்று நினைத்து, முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு குறுகினான். பந்து அவன் காலடியில் விழுந்தது. மெல்ரோஸ் மைதானத்தின் மறுகோடியில் நின்றான். ஒதுங்கியவர்களில் ஒருவன் பந்தை எடுத்துக் கோல் அடித்து ஆறு புள்ளி சேர்த்தான்.

"பேயப் பாத்தியா, ட்ரெவனா?" வேலியோரம் ஒருத்தி கத்தினாள். கூட்டம் கெக்கலித்தது.

மொரியார்ட்டி ஓடிவந்தார். எதுவும் கேட்காமல் அவன் இடது கண்ணுக்கு அருகே விரலை வீசினார். இமை அசையவில்லை.

"எத்தன நாளாடா இப்படி?"

எங்கள் கேப்டன் குறுக்கே வந்தான். "இவன் போனா மாத்து ஆள் கெடையாது, பெரியவரே! பதினேழு பேர வச்சு என்னத்த ஆடுறது? இன்னும் பத்து நிமிஷம்தான். ஹெர்பி, சும்மா ஓரமா நில்லுப்பா."

ஹெர்பி என்னைப் பார்க்கக் கழுத்தை முழுதாகத் திருப்ப வேண்டியிருந்தது.

"அது நீயா?"

"நான்தான். மன்னிச்சிரு, வாய் தவறி..."

"நீதான்னு தெரிஞ்சும் இப்பவும் யாரோ வர்ற மாதிரியே இருக்குடா."

அவன் நடந்து போனான். கேப்டன் திட்டியது கடைசிவரை கேட்டது. பதினேழு பேராக ஆடித் தோற்றோம்.

ஆனால் அன்று வெளியேறி வேலியைத் தாண்டியதும் அவன் ஒன்று செய்தான். வலது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு அப்படியே நின்றான். பக்கத்திலிருந்தவர்கள் அழுகிறான் என்று நினைத்திருப்பார்கள். வலதும் போனால் எப்படி இருக்கும் என்று பார்க்கிறான் என்பது எனக்குப் புரிந்தது; நான் எண்ணிக்கொண்டிருந்தேன். பத்து வந்ததும் கையை வெடுக்கென்று எடுத்துவிட்டு, மனைவி லோட்டி எங்கே நிற்கிறாள் என்று கூட்டத்தில் தேட ஆரம்பித்தான்.