எதிர் முறுக்குக் கயிறு

எங்கள் கயிற்றுப் பட்டறையில் என் சித்திக்குப் பெயர் 'நொட்டாங்கை'. வைத்தவர் மேஸ்திரி. இடது கையால் வேலை செய்வது அப்படி என்ன குற்றம் என்று நான்தான் அவரோடு சண்டைக்குப் போவேன். சித்தி போனதில்லை. கயிற்றை வளையமாகச் சுற்றிக் கட்டும் மூலையில் பதினோரு வருஷம் வாயை மூடிக்கொண்டு இருந்தாள். ஆனால் கண் மட்டும் ஜன்னலோர மேசையிலேயே கிடக்கும்.

மொட்டு முடிச்சு போடும் மேசை அது. கயிற்று நுனியின் மூன்று புரிகளைப் பிரித்து, ஒன்றை ஒன்று தழுவச் சுற்றி, மூன்றையும் மாறி மாறி இறுக்கினால் நுனியில் மொட்டு மாதிரி ஒரு உருண்டை உட்காரும். சித்தி வீட்டுத் துணிக்கொடியில் தினமும் அதைப் போட்டுப் பார்ப்பாள். அவள் கைக்கு அது எதிர்ப்பக்கமாகவே சுற்றும், கொஞ்ச நேரத்தில் பல்லை இளித்துவிடும். "உனக்கும் அந்த மேசைக்கும் ஒத்து வராதும்மா" என்று மேஸ்திரி ஒரேயடியாகச் சொல்லிவிட்டார்.

போன மாதம் ஊஞ்சல் செய்யும் கம்பெனி ஒன்று தன் கயிற்றையே அனுப்பி, மாதாமாதம் முடிச்சுப் போட்டுத் தரச் சொன்னது. பலகையின் ஓட்டைக்கு அடியில் அந்த மொட்டுதான் ஆள் பாரத்தைத் தாங்க வேண்டும். மேசைக்காரர்கள் போட்ட முதல் ஊஞ்சலில் மேஸ்திரியே உட்கார்ந்து பார்த்தார். முடிச்சு அவிழ்ந்தது. தொப்பென்று விழுந்தார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"சரக்கு மட்டம். திருப்பி அனுப்பிடலாம்" என்றார், இடுப்பைத் தடவிக்கொண்டே.

சித்தி எழுந்து வந்தாள். "சரக்கு நல்லாத்தான் இருக்கு, மேஸ்திரி. எப்பவும் என் கையோட மல்லுக்கட்டுற கயிறு, காலையில வளையம் சுத்துறப்ப தானா வந்து படுத்துச்சு. இது எதிர் முறுக்கு, நம்ம கயிறுக்கு மாறான பக்கம் முறுக்குனது. உங்க ஆளுங்க வழக்கமான பக்கம் சுத்துனா அவிழத்தான் செய்யும்."

"அதுக்கு?"

"நான் போடுறேன். முடிச்சு நின்னா நாளையிலேர்ந்து அந்த மேசையில எனக்கு இடம். நிக்கலைன்னா இனி அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டேன்."

பதினோரு வருஷ ஆசையை ஒரே கயிற்றில் கட்டிவிட்டாளே என்று நான் அவள் பக்கத்தில் போய் நின்றேன். அவள் இடது கையால் நுனியைப் பிரித்தாள். புரிகள் முறுக்கின் போக்கிலேயே சுற்றிக்கொண்டு போயின. இரண்டு மொட்டும் கல் மாதிரி உட்கார்ந்தன.

மேஸ்திரி பலகையில் பாதி உட்கார்ந்தார். பிறகு முழுசாக. பிறகு காலைத் தூக்கினார். மேசைக்காரர் ஒருவர் பின்னாலிருந்து தள்ளிவிட, நரைத்த மீசையோடு போய்ப் போய் வந்தார். பட்டறையே கை தட்டியது. நான் விசிலே அடித்துவிட்டேன்.

மறுநாள் காலை சித்தியின் முக்காலியை அவரே தூக்கிக்கொண்டு வந்து மேசையின் வலது பக்கம் போட்டார்.

சித்தி உட்காரவில்லை. "இந்தப் பக்கம்னா பக்கத்து ஆளைக் கை இடிக்கும். அந்தப் பக்கம் போடுங்க, மேஸ்திரி" என்றாள். "நான் நொட்டாங்கை."

அவர் முக்காலியைத் தூக்கி இடது பக்கம் மாற்றிப் போட்டார்.