சிங்கப்பூர் நடுவர்களும் எங்கள் ரிக் வண்டியும்

காலை ஆறரைக்குத் திருச்செங்கோட்டிலிருந்து காரில் கிளம்பினோம். சேலத்துக்கு நாற்பத்தைந்து கிலோமீட்டர் சொச்சம். வழக்கு நடப்பது சிங்கப்பூரில். ஆனால் நான் சேலம் சூரமங்கலத்தில் ஓர் ஓட்டல் அறையில் திரைக்கு முன் உட்கார்ந்து பேசினால் போதுமாம். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், ஆனாலும் கம்பெனி என் பெயரில் இருக்கிறது.

ஆப்பிரிக்காவில் போர், அதாவது ஆழ்துளைக் கிணறு, போட எங்கள் ரிக் வண்டியைக் கப்பலில் அனுப்பியிருந்தோம். அங்குள்ள கம்பெனி பாதியில் ஒப்பந்தத்தை முறித்து, வண்டியையும் ஒரு வருடம் பிடித்து வைத்துக்கொண்டது. அந்த வருடத்து வருமானத்தைத்தான் நஷ்டஈடாகக் கேட்கிறோம்; தகராறு வந்தால் சிங்கப்பூர் நடுவர்களிடம் போவது என்று ஒப்பந்தத்தில் இருந்ததாம்.

ஏழேகாலுக்கு ஆட்டையாம்பட்டி. இறங்கி முறுக்கு வாங்கினேன், ஐம்பது ரூபாய்.

“ஏம்மா, நடுவருக்கா?” கார் ஓட்டிய மகன் குமரேசன் சிரித்தான்.

“நம்ம வக்கீலம்மாவுக்கு. மெட்ராஸ் புள்ள, எலும்புந் தோலுமா இருக்குது.”

பத்து மணிக்குத் திரையில் மூன்று நடுவர்கள் தெரிந்தார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டதை மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார்: “அந்த வருடம் உங்கள் ஆட்கள் வேலையில்லாமல் சும்மா இருந்தார்களா?”

எனக்குச் சுருக்கென்றது.

“எங்க ஊட்டுல எவனுங்க சும்மா இருந்தான்? பங்காளி வண்டிய வாடகைக்கு வாங்கி, தருமபுரி வரைக்கும் போயி போர் போட்டமுங்க. ஒரு ஆளயும் நிறுத்துலீங்க.”

“வாடகைக்கு ரசீது?”

“பங்காளிகிட்ட ரசீது கேட்டுட்டு, அவிய ஊட்டு விசேசத்துக்கு எந்த மூஞ்சியோட போறதுங்க?”

நடுவில் இருந்த வெள்ளைத்தலை நடுவர் சிரித்துவிட்டார். குமரேசன் தலையில் கை வைத்தான். காகிதம் இல்லாததால் அந்தப் பங்காளி வண்டிக் கதையையே அவன் மனுவில் சேர்க்கவில்லையாம், எனக்குத் தெரியாது. அதில் சம்பாதித்ததை நஷ்டஈட்டில் கழிப்பார்கள், ரசீது இல்லாத வாடகையைச் செலவாகச் சேர்ப்பார்களா என்பது சந்தேகம் என்றார், பக்கத்திலிருந்த வக்கீலம்மா. முறுக்கை மட்டும் வாங்கிக்கொண்டார்.

திரும்பும்போது மல்லசமுத்திரம் தாண்டியதும் குமரேசன் கணக்குச் சொன்னான்.

“நஷ்டஈட்டுல பாதி போச்சும்மா.”

“போவுட்டும் கண்ணு. வண்டியில்லீன்னு படுத்துக்கிட்ட குடும்பம்னு அவிய எழுதிட்டா, அதுக்கு எந்தக் கோர்ட்டுல நஷ்டஈடு கேப்ப?”

சிங்கப்பூரை நான் பார்த்தது சுவரளவுத் திரையில்தான். மூவருக்கும் முன்னால் தண்ணீர்க் குவளை, யாரும் சத்தம் போட்டுப் பேசாத இடம். எங்கள் வண்டி ஷெட்டில் பேச்சைவிட சுத்தியல் சத்தம் அதிகம். நாங்கள் போய் இறங்கியபோது, ஆப்பிரிக்காவிலிருந்து மீண்டு வந்த அந்த ரிக் வண்டி போர் போட ராஜஸ்தானுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது. டிரைவர் பழனி எட்டிப் பார்த்தான்.

“என்னங்கம்மா ஆச்சு? செயிச்சுட்டமா?”

“தீர்ப்பு வர நாளாவும் சாமி. நீ ஒரு நாளும் சும்மா இருந்ததில்லீன்னு சிங்கப்பூரு வரைக்கும் சொல்லிட்டு வந்திருக்கறேன். பாத்துப் போயிட்டு வா.”

பழனி சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டு வண்டியைக் கிளப்பினான்.