மருமகள் கேட்ட மாடி அறை

வெறும் மனையில் வீடு கட்டுகிறவனுக்கு மழை ஒன்றுதான் எதிரி. இருக்கிற வீட்டில் ஓர் அறையைக் கூட்டிக் கட்டுகிறவனுக்கு அந்த வீட்டில் குடியிருக்கிற எல்லோருமே எதிரி. கையில் அளவு டேப்பைப் பிடித்துக்கொண்டு அடுத்தவர் அடுக்களைக்குள் நுழைந்த பாவிகளுக்கு நான் சொல்வது புரியும். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம்.

கொச்சி மட்டாஞ்சேரியில் நான் சின்னக் கான்ட்ராக்டர். சன்ஷேடை நீட்டுவது, குளியலறை கூட்டுவது, மொட்டைமாடியில் அறை எழுப்புவது, இதுதான் பிழைப்பு. தொண்ணூறுகளின் கடைசியில் கொச்சங்காடியில் வேலப்பண்ணன் வீட்டு வேலை வந்தது. அண்ணன் கொசு மருந்து அடிக்கிற கார்ப்பரேஷன் ஊழியர். வீடு என்பது ஒரு கூடமும் ஓர் அடுக்களையும். அதில் அவர், மனைவி சரசக்கா, கல்யாணமே வேண்டாம் என்றிருந்த தம்பி சுப்பு, மகன் மணி. மணிக்குக் கல்யாணம் ஆனதும் கூடத்தின் குறுக்கே ஒரு சேலையைக் கட்டி, "அந்தப் பக்கம் உங்களுக்கு" என்றார்கள். புது மருமகள் சுமதி கொஞ்ச நாள் பொறுத்தாள். சேலைக்கு இந்தப் பக்கமிருந்து சுப்பு "மணி, ஃபேனைக் கூட்டி வை" என்று குரல் கொடுத்த மறுநாள், தோப்பும்படியில் இருக்கிற அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அறை கட்டி முடித்தால் வருவாளாம். ஆக, அறை எழும்பினால்தான் மணிக்குக் குடித்தனம்.

சுண்ணாம்புக் கோடு

மொட்டைமாடியில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டு, அறை இவ்வளவு பெரிதாக வரும் என்று காட்டினேன். காட்டியிருக்கக் கூடாது. மொத்தக் குடும்பமும் மூங்கில் ஏணியில் ஏறி வந்து கோட்டுக்குள் நின்றுகொண்டது. வேலப்பண்ணன் ஒரு மூலையைக் காட்டி, மத்தியானம் சாய அங்கே ஒரு கட்டில் என்றார். சரசக்காவுக்கு மழைக்காலத்தில் துணி உலர்த்த, சுவருக்குச் சுவர் கொடி வேண்டும். சுப்பு தன் தையல் மெஷினுக்கு ஜன்னலோரத்தைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, இது சின்னஞ்சிறுசுகளுக்குக் கட்டுறது இல்லையா?" என்று கேட்டுப் பார்த்தேன். யார் காதிலும் விழவில்லை. மணி என்னைத் தனியாக ஏணியருகே கூட்டிப் போனான். "அவங்க கேக்கிறதெல்லாம் போட்டுக் கொடுங்க சேட்டா, ஒண்ணும் பிரச்சினை இல்ல. கதவுக்கு மட்டும் தாழ்ப்பாள் உள்பக்கம் இருந்தா மதி, வேற ஒண்ணும் வேண்டாம்."

அடுக்களை ஜன்னல்

அடுத்த தகராறு படிக்கட்டு. அடுக்களைக்குள்ளிருந்துதான் படி ஏற வேண்டும் என்றார் சரசக்கா. மணி, வெளியே சந்திலிருந்துதான் ஏற வேண்டும் என்றான். இரண்டு பேரும் நேருக்கு நேர் பேசிக்கொள்வதில்லை. இரண்டு பேரும் என்னிடம் சொல்லி, நான் நடுவில் நின்று தபால்காரன் வேலை பார்த்தேன். அடுக்களைக்குள் படி வைத்தால் அடுப்பு தெருவுக்குப் போய்விடும் என்று அளந்து காட்டிய பிறகுதான் அக்கா இறங்கி வந்தார். சந்திலேயே படி வைத்தோம்.

படி முடிந்த மறுநாள் அக்கா சாயாவும் பழம்பொரியும் கொடுத்தார். எனக்கு அப்போதே பயம்தான். அடுக்களைச் சுவரில் ஒரு சின்ன ஜன்னல் வேண்டுமாம். இடத்தையும் கரியால் குறித்து வைத்திருந்தார். உள்ளே நின்று எட்டிப் பார்த்தால் படியில் ஏறுகிறவர், இறங்குகிறவர் எல்லோரும் தலை முதல் கால் வரை தெரிகிற இடம். நான் அந்தக் கரிக் குறியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தேன். அக்கா பழம்பொரித் தட்டை என் பக்கம் தள்ளினார். "நான் யாரையும் பாக்க மாட்டேன் தம்பி. மீன் பொரிச்சா புகை வெளிய போகணும்ல, அதுக்குத்தான்."

பதில் பேசாத ஆள்

வேலை நடக்கிற வீட்டில் கண்ணுபடாமல் இருக்கத் திருஷ்டி பொம்மை வைப்பது உண்டு. சரசக்கா வைக்கோலில் ஒன்று செய்து, பானையைத் தலையாக்கிப் பல்லும் வரைந்து, சாரத்தில் நான் கழற்றிப் போட்டிருந்த நீலச் சட்டையை அதற்கு மாட்டி மாடியில் நிறுத்திவிட்டார். என் சட்டையைத் தேடிக் கிடைக்காமல் நான் பனியனோடு வீட்டுக்குப் போனேன்.

அன்று சாயங்காலம் தூறலில் சுமதியின் அப்பா வேலையைப் பார்க்க வந்திருக்கிறார். கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டாராம். சந்தில் நின்றபடியே மேலே நிமிர்ந்து, "என் மகள் எத்தனை நாள்தான் என் வீட்ல இருப்பா? உனக்கு மனசாட்சி இருக்கா?" என்று பொம்மையைப் பிடிபிடியென்று பிடித்திருக்கிறார். அது பல்லைக் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. பிறகு ஆறுதலாகவும் நாலு வார்த்தை சொல்லிவிட்டு, வேலப்பண்ணனைப் பார்த்து என்னைப் பற்றி நற்சான்றிதழ் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். "எவ்வளவு திட்டினாலும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசலை சம்பந்தி. மழையிலயும் இடத்தை விட்டு நகரலை. இப்படி ஒரு கான்ட்ராக்டரை நான் பாத்ததே இல்ல, கேட்டோ!"

கூரைமேல் குளம்

அறையின் கூரைக்குக் கான்கிரீட் போட்ட மறுநாள் அதன்மேல் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தினோம். கான்கிரீட் இறுக அது வேண்டும். வேலப்பண்ணன் அலறிவிட்டார். வீடு வீடாகப் போய்த் தண்ணீர் தேங்க விடாதீர்கள் என்று சொல்கிறவரின் தலைக்கு மேலேயே கொசுக் குளம்! மேலதிகாரி இந்தப் பக்கம் வந்தால் மானம் போய்விடும் என்று பாதி உயிராகிவிட்டார். அதற்கு வழி கண்டுபிடித்தவர் சுப்பு. ஓடையிலிருந்து கொசுப்புழு தின்கிற குட்டி மீன்களை வாளியில் பிடித்து வந்து குளத்தில் விட்டார். கொசு ஒழிந்தது, தொல்லை ஆரம்பித்தது.

சுப்புவுக்கு மீன்கள்மேல் பிரியம் வந்துவிட்டது. காலையில் பொரி போடுவார், வெயில் ஏறினால் தென்னோலை மூடுவார். ஒவ்வொன்றுக்கும் பெயர்கூட வைத்திருந்தார். பாத்தியை உடைத்துத் தண்ணீரை வடிக்க நான் மண்வெட்டியோடு போனால் குறுக்கே படுத்துவிடுவார். நாளை, நாளை என்று வேலை அப்படியே நின்றது. மணி கண் கலங்கி, "சித்தப்பா, அவ அங்க காத்திட்டிருக்கா" என்று கெஞ்சினான். எனக்கே மனசு கேட்கவில்லை. சுப்பு எழுந்து உட்கார்ந்து நிதானமாகச் சொன்னார்: "உன் பொண்டாட்டி தண்ணி இல்லாத இடத்துலயா இருக்கா? அவ பொறுத்துக்குவாடா. இதுங்க பொறுக்குமா?"

பால் காய்ச்சிய சாயங்காலம்

மீன்கள் சரசக்காவின் அண்டாவுக்குக் குடிபோன பிறகு மளமளவென்று வேலை முடிந்தது. பால் காய்ச்சினார்கள். சுமதி பெட்டியோடு வந்து இறங்கினாள். படியில் ஏறி, புது அறையைச் சுற்றிப் பார்த்து, தாழ்ப்பாளை ஒருமுறை போட்டு எடுத்துவிட்டுச் சிரித்தாள். மணி என் கையைப் பிடித்துக் குலுக்கியபோது, உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது.

அப்புறம் சாயங்காலக் கரண்ட் கட் வந்தது. கீழே ஃபேன் நின்றது, வேர்த்துக் கொட்டியது. கொஞ்சம் காற்று வாங்கலாம் என்று வேலப்பண்ணன் மாடி ஏறினார். பாயோடு சரசக்கா ஏறினார். தலையணையோடு சுப்பு ஏறினார். காயல் காற்று ஜன்னல் வழியே வந்து அடிக்க, கொசுவும் இல்லை, புழுக்கமும் இல்லை. கரண்ட் வந்தும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. வேலப்பண்ணன் குறட்டையே விட ஆரம்பித்துவிட்டார். வாசற்படியில் நின்ற மணி அழாத குறை. இத்தனை பாடும் இதற்குத்தானா என்று எனக்கே தோன்றியது. சுமதி மட்டும் அவர்களை ஒருமுறை பார்த்தாள், மணியின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கீழே இறங்கினாள். கூடத்தின் குறுக்கே கட்டியிருந்த சேலையை அவிழ்த்து மடித்து வைத்தாள். மேலேயிருந்து சரசக்கா, "மோளே, அங்க என்ன பண்றே? இங்க நல்ல காத்து, ரெண்டு பேரும் வாங்க!" என்று கூப்பிட்டார். நெற்றி வியர்வையை முந்தானையால் துடைத்தபடி சுமதி கதவைச் சாத்தப் போனாள். "எங்களுக்கு இங்க வேர்க்கவே இல்ல அத்தை, நீங்க எல்லாரும் அங்கயே சுகமா இருங்க, கேட்டோ!"

அதற்குப் பிறகு யார் வந்து மாடியில் ஓர் அறை வேண்டும் என்றாலும், அறை யாருக்கு என்று நான் கேட்பதில்லை, யாரை மேலே அனுப்பணும் என்றுதான் கேட்கிறேன்.