நான் கேட்காத பிரசங்கம்

பிரசங்கம் நீளுகிறதென்று கோயிலில் நீங்கள் ஒருவரையொருவர் கிள்ளிக்கொள்வதை நான் பார்க்காமல் இல்லை, பிள்ளைகளே. பார்த்தும் ஒன்றும் சொல்வதில்லை. அதைச் சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. உங்கள் வயதில் நான் ஒரு முழுப் பிரசங்கத்தைக் கண்ணைத் திறந்துகொண்டே கேட்காமல் இருந்தவன். அதோடு நிற்காமல், கேட்டதாகச் சொல்லி நானே ஒரு பிரசங்கம் செய்தவன்.

அப்போது நாங்கள் தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில் மூங்கில் தட்டி வீட்டில் இருந்தோம். என் தகப்பனாரை நைனா என்று கூப்பிடுவோம். சுரங்கத்துக்குள் தண்ணீர் இறைக்கும் பம்பில் அவருக்கு வேலை. கல் உடைக்கிறவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஓய்வு உண்டு. ஊறும் தண்ணீருக்கு ஏது ஞாயிற்றுக்கிழமை? நாங்கள் கோயிலுக்குக் கிளம்பும் நேரத்தில் அவர் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறி பூமிக்குள் போய் வெகுநேரம் ஆகியிருக்கும்.

நம்முடைய லுத்தரன் சபையில் கர்த்தருடைய கட்டளைகளான பத்துக் கற்பனைகளைச் சும்மா ஒப்பித்தால் போதாது, ஒவ்வொன்றுக்கும் அர்த்தமும் சொல்லவேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். ஓய்வுநாளைப் பற்றிய மூன்றாம் கற்பனைக்கு நாம் படிக்கிற அர்த்தம், பிரசங்கத்தை அசட்டை பண்ணாமல் ஆசையோடு கேட்கவேண்டும் என்பதுதான். எழுத்துத் தெரியாத நைனா இந்த ஒன்றை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தார். தான் பிரசங்கத்துக்குப் போகமுடியாவிட்டால் பிரசங்கம் தன்னிடம் வரட்டும் என்று ஓர் ஏற்பாடு செய்தார். பிள்ளைகளில் ஒருவர் கோயிலில் உபதேசியார் சொல்வதைக் கேட்டுவந்து, ஷிப்டு முடிந்து அவர் சாப்பிட உட்காரும்போது சொல்லவேண்டும். சொல்கிறவருக்கு அவருடைய வலது முழங்காலோரம் இடம். அவர் கையாலேயே ஒரு கருவாட்டுத் துண்டும் கிடைக்கும்.

நான் மூத்தவன், பள்ளிக்கூடம் போகிறவன். ஆகவே அந்த இடம் என்னுடையதாக இருந்தது, ஒரு ஞாயிறு வரைக்கும்.

"இன்னாடா சொன்னாரு உபதேசியாரு?" என்று நைனா அன்றைக்கும் கேட்டார்.

"நல்லவங்களா இருக்கணும்னு சொன்னாரு நைனா."

"அத்த சொல்றதுக்கா ஒரு மணி நேரம்?"

நான் கருவாட்டை மென்றேன். அடுப்போரம் இருந்த என் தங்கச்சிக்கு ஏழு வயது, ஓர் எழுத்தும் தெரியாது. "மொதல்ல இருமினாரு நைனா," என்று அவள் ஆரம்பித்தாள். அப்புறம் நிறுத்தவே இல்லை. உபதேசியாரின் அங்கவஸ்திரம் நழுவியது, நடுவில் நாய் வந்தது, குள்ளமான வரிவசூல்காரன் கர்த்தரைப் பார்க்க மரத்தில் ஏறியது, எல்லாம் வந்தது. அந்த இடத்தில் வீட்டு நடுக்கம்பத்தில் தானே பாதி ஏறிக் காட்டினாள். நைனா களி உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டே விழுங்க மறந்துபோனார்.

அடுத்த ஞாயிறு முகம் கழுவினதும் அவர் கேட்டது, "எங்க என் குட்டி உபதேசியாரு?" என்றுதான்.

எனக்கு வயிறு எரிந்தது. சும்மா சொல்லவில்லை, உள்ளே காந்தியது. அவள் ஐந்து அப்பத்தை ஆறு என்று சொன்னால் பாய்ந்து திருத்துவேன். "அது கெடக்கட்டும், நீ சொல்லும்மா," என்பார் நைனா. ஒருமுறை பிரசங்கத்தைச் சிலேட்டில் இரண்டு பக்கமும் எழுதிக்கொண்டுவந்தேன். அவர் கை துடைப்பதற்குள் படித்து முடிந்துவிட்டது. அவளுக்குத் தொண்டை கட்டிக்கொள்ளவேண்டும் என்று முழங்காலில் நின்று ஜெபம்கூடப் பண்ணினேன். கர்த்தர் கேட்டார், தொண்டை கட்டியது. அவள் கிசுகிசுத்தாள். நைனா இன்னும் கிட்டக் குனிந்து, அவள் வாயோரம் காதை வைத்துக் கேட்டார். அதற்கு அவள் சத்தமாகவே பேசியிருக்கலாம்.

இப்படியிருக்கையில் ஐயர் வந்தார். குருவானவரை அப்போது ஐயர் என்போம். பங்காருபேட்டையில் ரயில் மாறி, எங்களிடம் வருஷத்தில் இரண்டு மூன்று தரம்தான் வருவார். அவர் வாயால் பிரசங்கம் கேட்பது நைனாவின் பெரிய ஆசை. அந்த ஞாயிறும் அவருக்குப் பம்பு. "ஒரு வார்த்த வுடாம கொண்டாரணும்," என்று தங்கச்சியின் தலையைத் தடவிவிட்டுப் போனார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

பிள்ளை பெற்றுப் பத்து நாளான அம்மா வீட்டில் இருந்தார்கள். கோயிலில் பாட்டு முடிந்து, ஐயர் வெள்ளை அங்கியோடு எழுந்து நின்ற நேரத்தில், நான் தங்கச்சியின் பக்கம் ஊர்ந்து போனேன்.

"கொயந்த அழுவுதாம். அம்மா உன்ன ஓடியாரச் சொன்னாங்க."

"யாரு சொன்னது?"

"சொன்னாங்கன்னா போயேன்!"

போனாள். வாசலில் நின்று ஒருமுறை ஐயரைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனாள்.

இனி அந்தப் பிரசங்கம் முழுக்க எனக்குத்தான். எப்படி உட்காருவது, எங்கே இருமுவது, நைனாவின் கை எந்த இடத்தில் நிற்கும் என்றெல்லாம் யோசித்தேன். நடுநடுவே அவள் திரும்பி வருகிறாளா என்று வாசலைப் பார்த்தேன். இந்த வேலையெல்லாம் முடிந்து நான் ஐயரைக் கவனித்தபோது, "ஆமென்," என்றார்.

பிற்பகலில் நைனா வந்தார். தலையெல்லாம் ஈரம். "குட்டி, வா. ஐயரு இன்னா சொன்னாரு?"

"நான் கேக்கல நைனா. கொயந்தய ஆட்டிக்கினு இருந்தேன். அண்ணன்தான் கேட்டுச்சு," என்றாள். நான் அனுப்பியதைச் சொல்லவில்லை.

நான் வலது முழங்காலோரம் போய் உட்கார்ந்து இருமினேன். ஒன்றும் வரவில்லை. மனசில் கிடந்தது மூன்றாம் கற்பனைதான், அதை எடுத்தேன். பயங்காட்டினால் நன்றாயிருக்கும் என்று தோன்றியது.

"ஞாயித்துக்கெழம வேல செய்யறவங்கள கர்த்தரு சும்மா வுடமாட்டாராம், நைனா. பூமி வாயத் தொறந்து அப்பிடியே முழுங்கிடுமாம். ஐயரு மேசயத் தட்டிச் சொன்னாரு."

நைனாவின் கை அப்படியே நின்றது. அவளுக்கு நின்றதுபோலவே எனக்கும் நின்றது! எனக்குப் புல்லரித்தது. "இன்னும் சொன்னாரா?" என்றார். இன்னும் சொன்னேன். அவர் தட்டை என் பக்கம் தள்ளி, "நீ சாப்புடு," என்றார். ஒரு துண்டு அல்ல, முழுக் கருவாடும் எனக்கு. தங்கச்சி பார்க்கும்படி தின்றேன்.

வாசலில் அவர் அம்மாவிடம் பேசுவது கேட்டது. "பம்பு வேலய வுட்டுடப் போறேன். மறுபடி கல்லு வாரியே பொழச்சிக்கலாம்."

"வாரி வாரி ரத்தமா துப்பினது மறந்து போச்சா?" என்றார்கள் அம்மா. "நீங்க வுட்டுட்டா, தண்ணி ஏறி நின்னா, திங்கக்கெழம கீழ எறங்கறவன் எங்க நிப்பான்? ஐயரு ஊருக்குப் பொறப்படங்காட்டியும் போயி அவரையே கேளுங்க."

நைனா கோயிலுக்குப் போடும் கோட்டை மாட்டிக்கொண்டு உபதேசியார் வீட்டுக்கு நடந்தார். ஐயர் அப்படிச் சொல்லவே இல்லை என்று இப்போது தெரிந்துவிடுமே! வீட்டுக்கு வெளியே தண்ணீர்ப் பீப்பாய்க்குப் பின்னால் போய் நின்றேன்.

விளக்கேற்றும் முன்பே திரும்பினார். என்னைத் தாண்டித்தான் உள்ளே போனார். பெல்ட்டைக் கழற்றவில்லை, கத்தவில்லை. தங்கச்சியை வலது பக்கம் உட்காரவைத்துக்கொண்டு, ஐயரிடம் கேட்டுவந்த பிரசங்கத்தை எல்லோருக்கும் கேட்கிறமாதிரிச் சொல்ல ஆரம்பித்தார். எங்கள் வீட்டில் நைனா பிரசங்கம் சொன்னது அன்றுதான்.

"சின்னவன் கெட்டுப்போயி திரும்பி வந்தான். வூட்டுல விருந்து, மோளம். பெரியவன் கழனிலேர்ந்து வந்தான். உள்ள வரல. மொறச்சிக்கினு வெளியவே நின்னுக்கினான். நம்மளவிட அவன்மேலதான் அப்பனுக்கு ஆச அப்பிடின்னு நெனப்பு. அப்பன் இன்னா பண்ணான்? வந்தா வா, வராட்டி போன்னு வுட்டுட்டானா?"

"இல்ல," என்றாள் தங்கச்சி.

நைனா எழுந்து வாசலுக்கு வந்தார். பீப்பாயைப் பார்க்கவில்லை, சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாப்டின் பக்கம் பார்த்தபடி நின்றார். "அப்பன் எழுந்து வெளிய வந்தான். என்னுது எல்லாம் உன்னுதுதான்டா, உள்ள வான்னான்." அப்புறம், "பனி எறங்குது, உள்ள வாடா," என்றார்.

அடி விழாததால் நான் தப்பித்துக்கொண்டேன் என்றே நினைத்தேன். அம்மா கூப்பிடவே இல்லை என்பதைத் தங்கச்சி காலையிலேயே வீட்டில் தெரிந்துகொண்டிருப்பாள், ஐயரிடம் போன நைனா என் பொய்யெல்லாம் தெரிந்தேதான் என்னை உள்ளே கூப்பிட்டார் என்பதெல்லாம் எனக்குத் தோன்றவில்லை. நைனா பம்பு வேலையை விடவில்லை. அதற்கு அடுத்த ஞாயிறுகளிலும் தங்கச்சிதான் சொன்னாள்.

அன்று உள்ளே போனதும் நான் பார்த்தது ஒன்றுதான். மறுபடி உட்கார்ந்த நைனாவின் வலது முழங்காலோரம் அவள் உட்கார்ந்திருந்தாள். மறுபடி காந்தியது. போய்ச் சுவரோரம் உட்கார்ந்தேன். நைனாவின் இடது முழங்காலோரம் காலியாக இருந்தது. அது எல்லா ஞாயிறும் காலியாகத்தான் இருந்தது.