பதினாலு மாடியும் ஒரு கண்ணாடியும்

அந்தப் பதினான்கு மாடிக் கட்டடத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாம் வாசலிலிருந்துதான் தொடங்குவார்கள். வரைபடம் போட்டவர் பெயர் கல்லில் இருக்கிறது, கட்டச் சொன்னவர் பெயர் பித்தளையில் இருக்கிறது. முதலில் இரும்பை நிறுத்தி, அப்புறம் அதன் மேல் கல்லைப் போர்த்திய முதல் கட்டடம் ஊரிலேயே அதுதான் என்று பக்கம் பக்கமாக எழுதுவார்கள். எழுதட்டும். அந்த இரும்பைக் கோத்தவர்களைப் பற்றி ஒரு வரி உண்டா? கிடையாது. அதனால் நான் ரிவெட்டண்ணனிடமிருந்து தொடங்குகிறேன்.

உத்தரத்தோடு உத்தரத்தைச் சேர்க்கும் ஆணிக்கு ரிவெட்டு என்று பெயர். ஒருவர் அதை உலையில் பழுக்கக் காய்ச்சி வீசுவார். ஒருவர் தகர வாளியில் பிடித்துத் துளையில் செருகுவார். ஒருவர் பின்னாலிருந்து முட்டுக் கொடுக்க, இன்னொருவர் சம்மட்டியால் அடித்துத் தலையை நசுக்குவார். நம்மவர் முட்டுக் கொடுப்பவர். அடி அவர் முகத்திலிருந்து ஒரு சாண் தூரத்தில் விழும். இரண்டு வருஷம் இப்படி. பதினாலாவது மாடி முடிந்தபோது அவருடைய இரண்டு காதும் போயிருந்தன.

மனைவிதான் கண்டுபிடித்தாள். மூன்று தரம் கூப்பிட்டும் திரும்பாத மனுஷனைத் தோளைத் தொட்டுத் திருப்பி, "நான் கூப்புட்டது கேக்கலையா?" என்றாள். அவர் அவள் வாயையே பார்த்து, "கேக்குதே" என்றார். இந்தக் கதை எல்லாம் அவளிடம் நடக்குமா?

மேலே நின்று யாராவது 'விலகு' என்று கத்தினால் கேட்காதவர் உயரத்தில் நிற்கக் கூடாது. அவராகவே அந்த வேலையை விட்டார். அந்தச் சமயம் கட்டடத்து மானேஜர் லிஃப்ட் ஓட்ட ஆள் தேடிக்கொண்டிருந்தார். கட்டினவரே ஓட்டட்டும் என்று இவரை எடுத்துக்கொண்டார். காது விஷயத்தை இவர் சொல்லவில்லை. சிக்கல் அங்கேதான். ஓட்டுகிறவர் பிடியில் கை வைத்துக் கதவைப் பார்த்து நிற்க, ஏறியவர்கள் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று மாடியைச் சொல்வார்கள். எந்த மாடியில் மணி அடிக்கிறார்கள் என்பதைப் பலகையில் விழும் தகடு காட்டிவிடும். மனிதர் பேச்சுக்குத் தகடு ஏது?

"ஒரு கண்ணாடி மாட்டுனா பொம்பளைங்க தலைய சரி பண்ணிக்குவாங்க சார்" என்று மானேஜரிடம் சொல்லி, கதவோரம் தன் கண்ணுக்கு நேராக ஒன்றை மாட்ட வைத்தார். வீட்டில் மனைவி சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைத்து, ஒன்றிலிருந்து பதினாலு வரை பாடம் நடத்தினாள். தப்பாகச் சொன்னால் சோறு கிடையாது என்று மிரட்டுவாள். தட்டில் சோற்றைப் போட்டு வைத்துவிட்டுத்தான் மிரட்டுவாள்.

ஒன்பது வருஷம் ஓடிப்போயிற்று. ஒருத்தருக்கும் தெரியாது என்றே அவர் நினைத்துக்கொண்டிருந்தார். அவ்வளவு கெட்டிக்காரராம்.

பிறகு வேறெங்கோ ஒரு லிஃப்டில் யாருக்கோ கால் நசுங்கியது. லிஃப்ட் ஓட்டும் எல்லாருக்கும் கண்ணையும் காதையும் சோதிக்க நகரசபை ஆணை போட்டது. தேறாதவருக்கு வேலை இல்லை. அவர் இடிந்துபோனார். "இதுவும் போச்சுன்னா என்னைய யாரு வேலைக்கு எடுப்பா?" என்று கேட்டார். "போயிட்டு வாங்க, பாத்துக்கலாம்" என்றாள் மனைவி.

லிஃப்டிலேயே ஏறி, பின்னால் நின்று மாடியைச் சொல்லிச் சோதிக்க வந்தவருக்கு மீசை இருந்தது. சும்மா மீசையா அது? இரண்டு உதட்டையும் மூடிய மீசை. கண்ணாடியில் அண்ணனுக்கு அது மட்டும்தான் தெரிந்தது. ஒன்பதாவது மாடித் தட்டச்சுக்காரம்மாவும் கூடவே ஏறினாள். கதவைச் சாத்தியதும் மீசை அசைந்தது. தொலைந்தோம் என்று நினைத்தார்.

தட்டச்சுக்காரம்மா கண்ணாடியை நேராகப் பார்த்தாள். "ஆறாவது மாடியா சார்? அங்க வக்கீல் ஆபீஸ்தான் இருக்கு" என்றாள், உதட்டை நன்றாகப் பிரித்து. அண்ணன் ஆறில் நிறுத்தினார். அங்கே வக்கீல் குமாஸ்தா ஏறினார். மறுபடி மீசை அசைந்தது. குமாஸ்தா கண்ணாடிக்கு நேராக முகத்தை நீட்டி, "பன்னெண்டா? நானும் அங்கதான் போறேன்" என்றார். அவருக்குப் பன்னிரண்டாவது மாடியில் ஒரு வேலையும் கிடையாது. தட்டச்சுக்காரம்மாவோ ஒன்பதை இரண்டு தரம் தாண்டிப் போயும் இறங்கவில்லை. கடைசியில் கீழே வந்ததும் மீசைக்காரர் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, அவளிடம் ஏதோ சொல்லிவிட்டுப் போனார்.

"இந்தக் கட்டடத்துல எல்லாரும் ரொம்பப் பேசுறாங்களாம்" என்று அவள் சிரித்தாள்.

அண்ணனுக்குச் சிரிப்பு வரவில்லை. "உங்களுக்கெல்லாம் தெரியுமா?"

"ஒம்பது வருஷமா தெரியும் அண்ணே. நீங்க வேலைக்குச் சேந்த மூணாம் நாளே அண்ணி வந்தாங்க. ஒவ்வொரு ஆபீஸா நுழைஞ்சு, அவருக்குக் காது கேக்காது, கண்ணாடியப் பாத்துச் சொல்லுங்க, நான் வந்தத மட்டும் சொல்லிடாதீங்கன்னு கேட்டுக்கிட்டாங்க. புதுசா யாரு வந்தாலும் மொத நாளே நாங்க சொல்லிக் குடுத்துருவோம்."

"ஆளுங்க போற லிஃப்ட் இது ஒண்ணுதான். நான்தான் இதுல இருந்தேன். அவ எப்படி மேல வந்தா?"

"படியிலதான் அண்ணே."

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் மனைவிக்கு எதிரில் உட்கார்ந்தார். "ஏன் எங்கிட்ட சொல்லல?"

அவள் கையைத் துடைத்துக்கொண்டு, ஜன்னல் வெளிச்சத்துக்கு முகத்தைத் திருப்பினாள். "சொல்லியிருந்தா மறுநாள் வேலைக்குப் போயிருப்பீங்களா?"

போயிருக்க மாட்டார். அவருக்கு அழுகை வந்துவிட்டது. அதை அவர் மறைக்கவும் இல்லை.

அந்த ஒன்பது வருஷத்தில் அவள் ஒரு நாள்கூட லிஃப்டில் ஏறியதில்லை. தன்னைப் பார்த்து யாராவது வாய் தவறி உளறிவிடுவார்களோ என்று பயம். மறுநாள் காலை, ஆபீஸ்கள் திறப்பதற்கு முன்னால் அவர் அவளை வற்புறுத்திக் கூட்டிப்போனார். கம்பிக் கதவைச் சாத்திப் பிடியைத் திருப்பினார். மாடிகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கிப் போயின. பதினாலில் அலுங்காமல் நிறுத்தி, கதவைத் திறந்துவிட்டார்.

அவள் இறங்காமல் அவரையே பார்த்தாள்.

"இவ்வளவுதானா? அன்னைக்கு எனக்கு அரை நாள் ஆச்சு" என்றாள்.