தொப்பிகள் மறைத்த தூண்கள்

செயின்ட் லூயிஸில் எங்கள் தெருவின் குரல் வெர்னெட்டா அக்காதான். நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். அவருடைய செங்கல் வீடு நூறு வயதைத் தாண்டியும் கல்லுப்போல நின்றது. முன் தாழ்வாரம் மட்டும் சரிந்து தொங்கியது. "வித்துட்டு அட்லாண்டாவுக்கு வந்துடும்மா" என்று மகன் டேரியஸ் போனில் நச்சரித்தான். அக்காவுக்கு அங்கிருந்து கிளம்ப மனசே இல்லை.

தாழ்வாரத்தைச் சரிசெய்ய இருந்த ஒரே வழி, பழைய வீடுகளைப் பழுது பார்ப்பவர்களுக்கு மாநிலம் தரும் வரிச்சலுகை. செலவில் கால் பங்கு கிடைக்கும். அவ்வளவு வரி கட்டாதவர்கள் சலுகையை வேறொருவருக்கு விற்றுக் காசாக்கலாம். அதை நம்பித்தான் வங்கியும் கடன் தர ஒப்புக்கொண்டது. ஆனால் எல்லாம் ஆதியில் இருந்தபடியே இருக்க வேண்டும். அங்கேதான் அக்காவின் கணவர் கிளேபர்ன் தம் கைவரிசையைக் காட்டிவிட்டுப் போயிருந்தார். ஊரே இரும்புத் தூணுக்கு மாறிய காலத்தில், மரத்தூண்களைப் பிடுங்கி அடுப்பில் போட்டுவிட்டார் மனிதர்.

"பழைய தூண் எப்படி இருந்துச்சுன்னு ஆதாரம் வேணும் மேடம். சும்மா ஊகிச்சுக் கட்டுனா சலுகை கிடையாது" என்றார் பார்வையிட வந்த அதிகாரி.

"பாருங்க, செத்தும் என்னை நிம்மதியா விடல அந்த மனுசன்!" என்றார் அக்கா.

ஈஸ்டர் ஞாயிறு சர்ச்சுக்குப் போகுமுன், புத்தாடையோடு அக்கா வீட்டுத் தாழ்வாரப் படியில் நின்று படமெடுப்பது எங்கள் தெரு வழக்கம். ஆகவே அதிகாரி மறுபடி வந்த அன்று எல்லா வீட்டிலிருந்தும் பழைய ஆல்பங்கள் வந்தன. கூடவே பொரித்த கோழியும் வெண்ணெய்க் கேக்கும். எல்லாப் படத்திலும் தொப்பி! இறகுத் தொப்பி, பூத் தொப்பி, குடை அகலத் தொப்பி. ஆள்களுக்கு நடுவே தூணின் கீழ்ப்பாதி தெரிந்தது. மேல்பாதி ஒன்றில்கூட இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாமி கும்பிடப் போகிறவர்களுக்கு இவ்வளவு பெரிய தொப்பி எதற்கு?

கடைசியாக எதிர்வீட்டு அலோன்சோ தயங்கித் தயங்கி வந்தார்.

"யாரும் சிரிக்கக் கூடாது."

வாழ்க்கையில் அவர் எடுத்த ஒரே ஈஸ்டர் படம். கேமராவை அண்ணாந்து பிடித்ததில் ஒரு முகமும் விழவில்லை. அடியில் தொப்பி நுனிகள். அதற்குமேல் தூண்களின் செதுக்கிய தலைகளும், வளைவுகளும், மரப்பூ வேலையும் பளிச்சென்று.

அதிகாரி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். "இது போதும்."

"அடப்பாவி! இந்தப் படத்துக்காகத்தானே எங்கம்மா உன்னைச் சாகிற வரைக்கும் திட்டுனாங்க!" என்று அக்கா அவரைக் கட்டிக்கொண்டார். அலோன்சோ வெட்கத்தில் இரண்டு துண்டு கேக்கை ஒன்றாக வாயில் அடைத்துக்கொண்டார்.

சலுகைக்கு ஒப்புதல் வந்தது. வசந்தத்துக்குள் தாழ்வாரம் எழுந்து நின்றது. தெருவே கல்யாண வீடாயிற்று. எனக்கும் கால் தரையில் பாவவில்லை. பார்க்க வந்த டேரியஸ் புதுத்தூணை நெடுநேரம் தடவிக்கொண்டிருந்தான்.

"அம்மா, நான் ரிட்டயர் ஆனதும் இங்கயே வந்துடட்டா?"

"வாடா, வா" என்றார் அக்கா. "ஆனா வாடகை உண்டு."